ஷீல்டுக்காரருக்கு முதிதை வந்த கதை

எங்கள் தெருவில் ஜெயித்தவர்கள் எல்லோரையும் முதலில் தெரிந்துகொள்பவர் ஷீல்டுக்காரர்தான். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன், பேச்சுப்போட்டியில் ஜெயித்தவள், வருடத்தின் சிறந்த ஊழியர், கொழுகொழு குழந்தை, கண்காட்சியில் பரிசு வாங்கிய நாய் என்று எல்லோர் பெயரும் அவர் கைக்கு வந்து, பித்தளைத் தகட்டில் வெட்டுப்பட்டு, வெல்வெட் பெட்டியில் ஏறித்தான் மேடைக்குப் போகும். இப்படி வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வெற்றியைப் பளபளப்பாக்கிக் கொடுத்த மனிதருக்கு, ஜெயித்தவர்களைக் கண்டாலே ஆகாது.

நான் அவருக்குப் பக்கத்துக் கடைக்காரன், மூக்குக் கண்ணாடி விற்பவன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் முணுமுணுப்பதெல்லாம் எனக்குக் கேட்கும்.

"இவனுக்கெல்லாம் முதல் பரிசு. ஜட்ஜுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அந்த ஜட்ஜை இங்க அனுப்புங்க. எனக்காவது வியாபாரம் ஆகும்" என்பேன்.

முதல் பரிசுக்காரர்களின் பெயரை உதட்டைக் கடித்துக்கொண்டு, தலைவிதியே என்று வெட்டுவார். இரண்டாம் பரிசு என்றால் முகம் கொஞ்சம் இளகும். ஆறுதல் பரிசு வந்துவிட்டால் மனிதர் உருகிப்போவார். எழுத்தின் ஓரமெல்லாம் வழித்து, திரும்பத் திரும்ப மெருகு போட்டு, பெயருக்குக் கீழே யாரும் கேட்காத ஒரு பூக்கொடி வேறு வெட்டிக் கொடுப்பார். எங்கள் வட்டாரத்தில் நல்ல வேலைப்பாடு பார்க்க வேண்டுமென்றால் தோற்றுப்போனவர்கள் வீட்டு அலமாரியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இந்தக் காய்ச்சலுக்கெல்லாம் மூலம் எதிர்க்கடை. அது அவருடைய சொந்தத் தம்பியின் கடை. தம்பி இவரிடம்தான் தொழில் கற்றார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுகாலம் வெட்டினார். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர், "பேரை உங்க தம்பியை வெட்டச் சொல்லுங்களேன், அவர் கை நல்லா இருக்கு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். சொன்னவர் போய்விட்டார். மறுநாளிலிருந்து தம்பிக்கு உளி கிடைக்கவில்லை. பெட்டி ஒட்டவும் மெடலுக்கு ரிப்பன் கோக்கவும் சொன்னார் அண்ணன். தம்பி கொஞ்ச காலம் ரிப்பன் கோத்துப் பார்த்தார். பிறகு எதிர்ச்சாரியில் கடை திறந்தார். கண்ணாடி முகப்பு, உள்ளே பிரகாசமான விளக்கு, கணினியில் வரைந்து கொடுத்தால் தானே வெட்டும் லேசர் மெஷின்.

"மெஷின் வெட்டுது. அவன் என்ன வெட்டுறான்? பொத்தானை அமுக்குறான்" என்று ஷீல்டுக்காரர் தீர்ப்பு எழுதினார்.

அன்று முதல் அவர் தெருவைத் தாண்டவில்லை. முடிதிருத்துபவர் அந்தச் சாரியில் இருந்ததால், இவர் எங்கோ சுற்றிப்போய் வேறொருவரிடம் காதுக்கு மேல் கோணலாக வெட்டிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை அந்தப் பக்கம். அதனால் தலைவலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவர் மனைவிக்கு இந்த நியமம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மாலையில் வரும்போது எதிர்க்கடைக்குள் நுழைந்து கொழுந்தனிடமும் ஓரகத்தியிடமும் சாவகாசமாகப் பேசிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார். இவர் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் காது மட்டும் கடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

"தம்பி பொண்ணுக்கு நல்ல மார்க் வந்திருக்கு. அவர் உங்களைத்தான் கேட்டார். ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்பார் மனைவி.

"லாரி வருது பாரு, தெருவுல எவ்வளவு போக்குவரத்து" என்பார் இவர்.

ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். "உப்பு இல்லை டாக்டர், எதிர்க்கடை. அதை எப்படிக் குறைக்கிறது?" என்று மனைவி கேட்டாராம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்படியே, ஒருத்தர் சாவுக்கு இன்னொருத்தர் தெருவைத் தாண்டி வருகிற நிலைமைக்குப் போய்விடுவார்களோ என்பதுதான் அந்த அம்மாவின் பயம். என்னிடமே ஒருமுறை கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கிண்டல் செய்கிறவனுக்கு வருத்தம் இருக்காது என்று அர்த்தமில்லை. டாக்டர் மாத்திரையோடு, மனதுக்கு ஏதாவது பயிற்சியும் செய்யச் சொன்னார்.

பயிற்சிக்கூடம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. மாடிப்படி என் கடை ஓரத்தில்தான் ஏறுகிறது. வாரநாட்களில் காலையில் யோகா டீச்சர் நடத்துவார். சனிக்கிழமை மாலையில் ஒரு புத்த பிக்கு வருவார். கூடத்தின் செயலாளர் ஒரு பெயிண்ட் கடைக்காரர். விற்காத நிறங்களையெல்லாம் அந்தச் சுவர்களில் அடித்துத் தீர்த்துக்கொண்டவர். படியேறும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, இன்னும் சேரவில்லையே என்று பெருமூச்சு விடுவார். அதை நிறுத்துவதற்காகவே நான் முன்பே சேர்ந்திருந்தேன். இப்போது ஷீல்டுக்காரரையும் அவர் மனைவி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார்.

முதல் வாரத்திலேயே யோகா டீச்சர் பலகையில் நான்கு சமஸ்கிருதச் சொற்களை எழுதினார். மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை. மனம் தெளிய வேண்டுமானால் பிறரிடம் இந்த நான்கு விதமாகப் பழக வேண்டும் என்றார். சுகமாக இருப்பவர்களிடம் நட்பு. துக்கப்படுபவர்களிடம் கருணை. புண்ணியவான்களைக் கண்டால் முதிதை, அதாவது அவர்களுடைய நல்லதைப் பார்த்து நமக்கும் மகிழ்ச்சி. பாவம் செய்பவர்களிடம் உபேட்சை.

ஷீல்டுக்காரர் கை தூக்கினார். "உபேட்சைனா என்ன டீச்சர்?"

"அவங்களை வெறுக்கவும் வேண்டாம், கூடச் சேரவும் வேண்டாம். கண்டுக்காம நம்ம வேலையைப் பார்க்கிறது."

"பார்த்தாலும் பார்க்காத மாதிரி போயிடறது?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இத்தனை வருஷமா நான் யோகாதான் பண்ணிட்டிருந்திருக்கேன் சார். தெரியாமலே பண்ணியிருக்கேன்."

அந்த வாரம் முழுக்க மனிதர் தெம்பாக நடமாடினார். எதிர்க்கடையைப் பார்க்காமல் இருப்பதற்குச் சாஸ்திரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. "உங்க தம்பி அப்படி என்னங்க பாவம் பண்ணினார்?" என்று மனைவி கேட்டார். "கடை திறந்தான்." "கடை திறக்கிறது பாவமா?" "எதிர்ல திறந்தான்." அந்த அம்மா எனக்கு ஒரு பார்வையை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பிக்கு வந்து அந்தத் தெம்பைக் கெடுத்தார். மெலிந்த மனிதர், அடர்ந்த புருவம். துவராடைக்கு மேல் எப்போதும் ஒரு பழைய கம்பளிச் சட்டை. அவரும் அதே நான்கு சொற்களைத்தான் சொன்னார். ஆனால் தங்கள் மரபில் அந்தச் சொற்களுக்கு வேலி கிடையாது என்றார். முதிதாவுக்கு ஆள் பார்க்க வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறவர் யாராக இருந்தாலும், அவர் நன்றாக இருப்பதே நம் மகிழ்ச்சிக்குக் காரணம்.

"புண்ணியவானா இல்லையான்னு பார்க்க வேண்டாமா சாமி?" ஷீல்டுக்காரர் குரல் கம்மியது.

"வேண்டாம். அவர் நல்லா இருக்காரா? அது போதும்."

"தகுதியே இல்லாதவனுக்குக் கிடைச்சா?"

"கிடைச்சிடுச்சுல்ல?"

"அப்ப உபேட்சை?"

"அது கண்ணை மூடிக்கிறது இல்லைங்க. எல்லாரையும் ஒரே மாதிரி சமமாப் பார்க்கிறது. பார்க்காம எப்படிச் சமமாப் பார்ப்பீங்க?"

படியிறங்கும்போது ஷீல்டுக்காரர், "எனக்கு டீச்சர் கிளாஸ்தான் சரிப்படும்" என்றார். கேஸ் தோற்கிற மாதிரி இருந்தால் வக்கீலை மாற்றுவோமே, அப்படி மரபை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் மனைவி இரண்டு வகுப்புக்கும் சேர்த்தே பெயர் கொடுத்திருந்தார். அந்த அம்மா அலுவலகக்காரர்; எந்த ஓட்டையையும் முன்கூட்டியே அடைத்துவிடுவார்.

எனக்கு அந்தச் சொல் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் முதிதை என்றார், பிக்கு முதிதா என்றார். எப்படியானாலும் அது வெளியிலிருந்து வந்த சொல். அடுத்தவன் நன்றாக இருந்தால் வருகிற எரிச்சலுக்குத் தமிழில் பொறாமை, அழுக்காறு, பொச்சரிப்பு, வயிற்றெரிச்சல், காய்தல், கறுவுதல் என்று கூடை கூடையாகச் சொல் இருக்கிறது. அடுத்தவன் நன்றாக இருப்பதில் வருகிற மகிழ்ச்சிக்கு மட்டும் ஒற்றைச் சொல்லாக எதுவும் என் வாய்க்கு வரவில்லை. அதிகம் புழங்குகிற சரக்குக்குத்தானே நாம் பெயர் வைத்துக்கொள்வோம்.

பிக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணை மூடி, நன்றாக இருக்கிற ஒருவரை நினைத்து, "இவருக்குக் கிடைச்ச நல்லது இவரை விட்டுப் போகாம இருக்கட்டும்" என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். முதலில் பிடித்தமானவர், பிறகு முன்பின் தெரியாதவர், கடைசியில் பிடிக்காதவர். ஷீல்டுக்காரர் ஆறுதல் பரிசு வாங்கியவர்களிலிருந்து ஆரம்பித்தார். அது சுலபமாக வந்தது. அப்புறம் இரண்டாம் பரிசு. அதிலேயே வெகுநாள் தங்கிவிட்டார். பிறகு ஒரு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம், "இருக்கட்டும், போகாம இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதல் பரிசு வாங்கிய ஒரு நீச்சல்காரியின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

நான் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே பாடுபட்டார்.

ஆனால் பாடு கொஞ்ச நாளில் பழக்கமாகி, பழக்கம் கொஞ்ச நாளில் பவிசாகிவிட்டது. கோப்பை வாங்க வந்தவர்களையெல்லாம் "வாழ்த்துகள்! வாழ்த்துகள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார். நாய்க் கண்காட்சிக்காரர் வந்தபோது நாயின் காலையும் குலுக்கினார். யாராவது புது வண்டி வாங்கினால் இவர்தான் முதலில் போய்க் கட்டிப்பிடிப்பார். என் கடைக்குப் புது போர்டு மாட்டியபோது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கைதட்டினார். பிக்கு இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பொதுவாகச் சொல்வது போல, முதிதாவுக்கு இரண்டு எதிரிகள் என்றார். தூரத்து எதிரி பொறாமை. அதைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். பக்கத்து எதிரி துள்ளாட்டம். அது முதிதா மாதிரியே உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். ஷீல்டுக்காரர் மற்ற எல்லோரையும் விட அதிகமாகத் தலையாட்டினார்.

இவ்வளவுக்கும் தெருவை மட்டும் தாண்டவில்லை. "கடைசியில பிடிக்காதவங்கன்னு சாமி சொன்னாரே, அங்க எப்போ வருவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வரிசைப்படி போயிட்டிருக்கேன் சார். அவசரப்படக் கூடாது" என்றார்.

கூடத்தின் ஆண்டு விழா வந்தது. பெயிண்ட் கடைக்காரருக்கு விழா என்றால் விருது இருந்தே ஆக வேண்டும். "இந்த வருஷம் ஒரு புதுமை. பிறர் மகிழ்ச்சியில் மகிழ்பவருக்கு முதிதா விருது!" என்று அறிவித்தார். யோகா டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது. பிக்கு, "விருதா?" என்று ஒரே ஒரு சொல் கேட்டுவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பொறாமைப்படுகிற மாதிரி ஒருவரைப் பொறுக்கியெடுத்து, பொறாமை இல்லாததற்காகப் பரிசு கொடுப்பது பற்றி எனக்கும் ஒன்றிரண்டு கேள்விகள் இருந்தன. கேட்கவில்லை. கூடத்தின் கூரை ஒழுகியபோது தன் செலவில் சரிசெய்தவர் செயலாளர்தான்.

யாருக்கு விருது என்று விழாவன்றுதான் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் செயலாளரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, தடுப்பைக் கண்ணால் காட்டினார். "நம்ம ஷீல்டுக்காரர்தான். வேற யாரு? எப்படி இருந்த மனுஷன்!"

"நல்லது சார். ஷீல்டு யாரு பண்றாங்க?"

"அதுதான் யோசிச்சேன். தன் பேரைத் தானே வெட்டக் கூடாதுன்னு அவங்க தொழில்ல ஒரு முறை இருக்காமே. அதோட ரகசியமும் கெட்டுடும். அதான் எதிர்க்கடையில குடுத்துட்டேன்."

"சார், வேண்டாம். தூரமா வேற கடையில குடுங்க. அந்தக் கடைக்கு ஆர்டர் போனது தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்."

"என்ன சார் பேசறீங்க? அவருக்குத்தான் பொறாமையே போயிடுச்சே! அதுக்குத்தானே விருதே குடுக்கிறோம்?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷீல்டுக்காரர் ஆர்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து, இழைத்து, மேலே பித்தளையில் கூடத்தின் சின்னத்தையும் பொருத்தி வைத்திருந்தார். தகடு மட்டும் வெறுமையாக இருந்தது. "யாருக்குக் கிடைச்சாலும் சந்தோஷம்தான் சார். வேலை என் கையால நடக்கணும், அவ்வளவுதான் எனக்கு" என்று அடிக்கடி சொன்னார். செயலாளர் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் உளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். செயலாளர் புன்னகை செய்துவிட்டு மாடியேறிப் போய்விடுவார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை அவர் என் கடைக்குள் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "சார், கண்ணு பரிசோதிக்கிற அந்த வட்டச் சட்டத்தைக் குடுங்க. தூரப் பார்வைக்கு உள்ளதைப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க சார்."

சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, அவர் பார்வைக்குத் தெரிந்த வில்லைகளைப் போட்டேன். தொழில் பழக்கம், கேட்டால் கை தானாகப் போட்டுவிடுகிறது. அவர் அதோடு என் வாசலில் நின்று எதிர்க்கடையைப் பார்த்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் கடையை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கண்ணாடி முகப்புக்குப் பின்னால், பசை காய்வதற்காக ஒரு ஷீல்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம்தான் இந்தப் பக்கம் தெரிந்தது. ஆனால் உச்சியில் பலகைக்கு மேலே நீண்டு நின்ற சின்னம் கூடத்தின் சின்னம். அதை அடையாளம் காண இவருக்கு வில்லையே தேவையில்லை.

"முதிதா விருது" என்றார். "அதைக்கூட அவன்கிட்ட குடுத்துட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். மூக்கில் சோதனைச் சட்டம் அப்படியே இருந்தது. ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. "சார், நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். இத்தனை வருடம் மனைவி கெஞ்சியும், டாக்டர் சொல்லியும், இரண்டு மரபுகளின் உபதேசம் கேட்டும் தாண்டாத தெருவை, அவர் நான்கே எட்டில் தாண்டினார்.

தம்பி மேசையில் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் சட்டென்று ஒரு துணியை எடுத்து எதன் மேலோ போட்டார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

"மூடு, நல்லா மூடு! என்கிட்டேர்ந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மூடிக்கத்தானே செய்வே? பள்ளிக்கூட ஆர்டர் போச்சு, கம்பெனி ஆர்டர் போச்சு. மாடியில ஒரு கூடம், அங்க போய் உன்னை மன்னிக்கலாம்னு மூச்சை இழுத்து இழுத்து விட்டுட்டிருக்கேன்டா நான்! அந்த ஷீல்டையும் எடுத்துக்கிட்டியே! முதிதாவாம்! அடுத்தவன் நல்லா இருந்தா சந்தோஷப்படணுமாம்! டீச்சர் சொன்னதுதான் சரி. புண்ணியவானா இருந்தாத்தான் சந்தோஷப்படணும். நீ புண்ணியவானா? இந்தக் கடை…" அங்கே நின்றார். அடுத்து வர வேண்டிய சாபம் அவருக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டார். அந்தச் சட்டத்துக்குள் கண் இரண்டும் பெரிதாக, நனைந்து தெரிந்தன.

தம்பி மெதுவாகச் சொன்னார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணா."

"என்னத்தை?"

தம்பி துணியை எடுத்தார். தகட்டில் இருந்தது ஷீல்டுக்காரரின் பெயர்.

ஷீல்டுக்காரர் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். சோதனைச் சட்டத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தம்பியின் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மெஷின்ல வெட்டலையா?"

"உன் பேரை எப்படி அண்ணா மெஷின்ல வெட்டறது?"

அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். வளைவுகளில் நின்று நின்று பார்த்தார். மெல்ல உதட்டைக் கடித்தார். அந்த உதட்டை எனக்குத் தெரியும். அது முதல் பரிசுக்காரர்களுக்கான உதடு. அந்த வேலையில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனாலும் பக்கத்துக் கடையில் இத்தனை வருடம் பார்த்த எழுத்தைவிட இந்த எழுத்து நன்றாக இருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"நல்லா இருக்கு" என்றார். பல் பிடுங்கினது போல வந்தது அந்தச் சொல். "என்னால இப்படி வெட்ட முடியாது. எப்பவுமே முடிஞ்சதில்லை. அதனாலதான்டா உன்கிட்டேர்ந்து உளியைப் பிடுங்கினேன்." தகட்டைத் துணி மேல் வைத்தார். "இதைப் பார்க்கும்போதே எரியுது. என் பேரைப் பார்த்து எனக்கே எரியுது. அந்தச் செயலாளர்கிட்ட சொல்லி விருதை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு."

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார், சொல்லலாமா என்பது போல. இழுப்பறையைத் திறந்து சில தகடுகளை எடுத்து மேசையில் போட்டார். எல்லாவற்றிலும் அதே பெயர். ஒன்றில் பாதியிலேயே உளி வழுக்கி ஓரம் வரை கீறியிருந்தது. இன்னொன்றில் முதல் எழுத்திலேயே குத்தி ஓட்டை விழுந்திருந்தது.

"என்னடா இது?"

"உனக்குத்தான் விருதுன்னு செயலாளர் சொல்லிட்டுப் போனதும் வெட்ட உட்கார்ந்தேன். இவருக்கா, பொறாமையே இல்லாதவர்னு இவருக்கா, என்னை ரிப்பன் கோக்க வெச்சவருக்கான்னு தோணிச்சு. கை வழுக்கிடுச்சு. அடுத்ததும் வழுக்கிச்சு. அதுக்கு அடுத்ததும்." தம்பி மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்கு நேத்து இல்லைண்ணா. சின்ன வயசிலேர்ந்தே உன்னைப் பார்த்தா எனக்கு எரியும். என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உன் தம்பின்னுதான் சொல்வாங்க. கடைக்கு நாலு தெரு தள்ளி நல்ல இடமே கிடைச்சுது. வேணும்னுதான் உன் மூஞ்சிக்கு எதிர்ல திறந்தேன்."

"நிஜமாவா?" என்றார் ஷீல்டுக்காரர்.

"நிஜமா."

"என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்தா உனக்கு எரிஞ்சுது?"

"ஆமாண்ணா."

முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கடையை விட்டு வெளியே போகிற சிலர், வாசலில் நின்று மரத்தைப் பார்ப்பார்கள். இலையெல்லாம் தனித்தனியாகத் தெரியும். அப்போது அவர்கள் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆயிற்று ஷீல்டுக்காரர் முகம். இரண்டு வருட வகுப்பில் அவரிடம் நான் பார்க்காத மகிழ்ச்சி அது. குலுக்கல் இல்லை, கைதட்டல் இல்லை. தன்னைப் பார்த்தும் ஒருவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது, அதுவும் தம்பிக்கு எரிந்திருக்கிறது என்று கேட்டு வந்த மகிழ்ச்சி. இதற்கு டீச்சர் மரபிலும் பிக்கு மரபிலும் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"நீ கடை திறந்த அன்னிக்கு நான் ஒரு பெட்டித் தகட்டையே கெடுத்தேன், தெரியுமா?" என்றார்.

"நீ சைக்கிள் வாங்கினப்போ டயர்ல ஆணி குத்தினது நான்தான்."

"அது நீயா!"

"நான்தான்."

"உன் கண்ணாடிக் கதவுல எவனாவது வந்து முட்டிக்கணும்னு தினமும் காலையில வேண்டிக்குவேன்டா."

"முட்டிக்கிட்டாங்கண்ணா, நிறையப் பேர்."

சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். அதோடு விடவில்லை. யாருக்குப் பொறாமை அதிகம் என்று போட்டியே ஆரம்பித்துவிட்டது. ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதைவிடக் கேவலமாக ஒன்று எடுத்துப் போட்டார். பெற்றவர்கள் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும். உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, அப்படியே பின்வாங்கி வெளியே போய்விட்டார்.

கடைசியில் தம்பி, "சரி, சார் சொல்லட்டும். யாருக்கு முதல் பரிசு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சமம்" என்றேன். அந்தத் தீர்ப்பு இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஷீல்டுக்காரர் மேசை மேல் கிடந்த கெட்டுப்போன தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உளி வழுக்கிய கீறலை விரலால் தடவினார். பிறகு பக்கத்தில் இருந்த நல்ல தகட்டைப் பார்த்தார்.

"இல்லை சார், அவனுக்குத்தான்" என்றார். "இவ்வளவு எரிச்சலை வெச்சுக்கிட்டு இப்படி ஒரு எழுத்து வெட்டியிருக்கான். என்னால முடிஞ்சிருக்காது. முதல் பரிசு என் தம்பிக்குத்தான்."

உதட்டைக் கடிக்காமல் சொன்னார். தம்பி துணியை எடுத்து அந்தத் தகட்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.